உபசாரத்துக்குச் சொல்லவில்லை

சிப்பி நிலையம். பணி நாள் 1090. காலை 7.15

தண்ணீர்த் தொட்டி முக்கால் அளவு. சூரியத் தகடுகள் சரி. காற்று சரி. ஆள் சரி. ஆள் என்றால் ஜெசிந்தா பர்னாந்து, நிலையப் பொறியாளர், ஊர் தூத்துக்குடி. வேறு யாரும் இங்கே இல்லை. செவ்வாய்க்கு அப்பால் சுற்றும் ஒரு பாறையின் பனியை உருக்கி, போகிற வருகிற கலங்களுக்குத் தண்ணீரும் ஆக்ஸிஜனும் தருவது என் வேலை. வான்வெளியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு விதியைச் சொல்லிவிடுகிறேன். நான் நாட்குறிப்பு எழுத வேண்டும். பத்து நாள் எதுவும் எழுதவில்லை என்றால் ஆள் போய்விட்டது என்று பொருள். அப்போது நிலையத்தின் கலங்கரைக் கருவி இந்த நாட்குறிப்பின் கடைசிப் பதிவை மட்டும் எடுத்து, பக்கத்தில் வரும் கலங்களுக்கெல்லாம் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அதுவரை அது வாயைத் திறக்காது.

இன்று வந்த கடிதங்கள் நாற்பதுக்கு மேல். வேலைக்கு ஆகிற கடிதம் ஒன்றுகூட இல்லை. போன மாதம் "வடிகட்டி தேய்ந்துவிட்டது, புதிது அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தேன். கடிதம் கிடைத்ததற்கு ஒருவர் நன்றி சொன்னார். அவர் நன்றி சொன்னதை அவருடைய அதிகாரி பாராட்டினார். பாராட்டுக்கு மற்ற பிரிவுகள் எல்லாம் வாழ்த்து அனுப்பின. எல்லாவற்றிலும் எனக்கு ஒரு நகல். வடிகட்டியை மட்டும் காணோம்.

எல்லாம் பண்பாளரின் கைங்கரியம். எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உங்களுக்கெல்லாம் கண் இருக்கிறதா இல்லையா" என்று தலைமையகத்துக்கு எழுதிவிட்டார். வாரியமே ஆடிப்போய், இந்த மென்பொருளைப் பொருத்தியது. நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பண்பாளர் மதிப்பெண் போடும். அறுபதுக்குக் கீழே என்றால் அனுப்பாது. தானே திருத்தி எழுதி நீட்டும், நான் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். நாட்குறிப்பில் நான் எழுதியதைத் திருத்த அதற்கு அனுமதி இல்லை. ஆனால் முடிக்காமல் எதையாவது விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில் தானே முடித்துவைத்துவிடும். அந்தத் தொல்லைக்காகவே ஒவ்வொரு பதிவையும் என் முதலெழுத்தைப் போட்டு மூடுகிறேன்.

ஒரு செய்தி. நான் மூன்று ஆண்டுகளை முடித்ததற்காக இயக்குநர் திரு. அறவாழி நேரில் வந்து பொன்னாடை போர்த்தப் போகிறாராம். சுற்றுப்பயணத்தில் இருக்கிறார், பவளம் என்ற கப்பலில். 1106ஆம் நாள் இங்கே வருவார். பொன்னாடைக்குப் பதிலாக வடிகட்டி கொண்டுவரச் சொல்லலாம் என்றால் பண்பாளர் விடவா போகிறது.

ஜெ.

பணி நாள் 1093. பிற்பகல் 2.40

அடி விழுந்துவிட்டது. கல். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். பெரிய ஆன்டெனா போயிற்று. குரல் அனுப்பும் கருவியும், அபாய மணியும் அதில்தான் இருந்தன. கப்பல்கள் வந்து பூட்டிக்கொள்ளும் துறை வளையத்தில் விரிசல். வெளியுடுப்பை மாட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். உலோகத் துண்டு ஒன்று இடது கையைக் கிழித்துவிட்டது. உடுப்பையும்தான். எப்படி உள்ளே வந்தேன் என்று தெரியவில்லை. ரத்தம் நிற்க மாட்டேன் என்கிறது. துறைக்குள் ஆக்ஸிஜன் சத்தம் கேட்கிறது, தலை

[பண்பாளர் நிறைவு செய்தது: இவ்விடம் எழுதியவர் சற்றே ஓய்வில் உள்ளார். இதுவரை வாசித்தமைக்கு மனமார்ந்த நன்றி. தங்கள் நாள் இனிதாக அமைய வாழ்த்துகள். வணக்கம்.]

பணி நாள் 1094. காலை 9.00

மேலே உள்ளதை நான் எழுதவில்லை. நான் தரையில் கிடந்தேன்.

கைக்குக் கட்டுப் போட்டாயிற்று. நிலவரம் இதுதான். ஆக்ஸிஜன் குழாய் உடைந்து, துறை அறைக்குள் கசிந்து நிரம்புகிறது. அதைத் திறந்துவிடும் வால்வு வெளிப்புறம் இருக்கிறது. என்னிடம் இருந்த ஒரே வெளியுடுப்பு கிழிந்துவிட்டது. கப்பல் வந்து வளையத்தைக் கவ்வும்போது உலோகமும் உலோகமும் உரசும். சுத்த ஆக்ஸிஜனுக்கு ஒரு பொறியும் பூட்டில் தடவிய கிரீஸும் போதும். கப்பலும் போகும், நானும் போவேன். பவளத்தில் நான்கு பேர்: இயக்குநர், ஓட்டுநர், நிர்வாக அலுவலர், புகைப்படக்காரர்.

வழி இல்லாமல் இல்லை. எட்டு நாள் தூரத்தில் ஆமை என்ற பழுதுபார்க்கும் கலம் நிற்கிறது. அதற்கு இயந்திரக் கைகள் உண்டு. துறையைத் தொடாமலே வெளியிலிருந்து வால்வைத் திறந்துவிடும். அதைத் தலைமையகம்தான் அனுப்ப முடியும். எனக்கு மிஞ்சியிருக்கும் காற்று இருபது நாளுக்கு வரும். ஆகவே பதற்றப்பட ஒன்றுமில்லை. சின்ன ஆன்டெனா பிழைத்துவிட்டது, அதில் கடிதம் போகும்.

இப்படி எழுதினேன்: "பவளம் இங்கே வரக் கூடாது. துறையில் ஆக்ஸிஜன் கசிகிறது. பூட்டினால் வெடிக்கும். நான்கு பேரும் சாவீர்கள். ஆமையை உடனே அனுப்புங்கள்."

பண்பாளர் ஒன்பது மதிப்பெண் போட்டது. "கூடாது" மேலதிகாரிக்கு ஆணையிடுகிறதாம். "சாவீர்கள்" அமங்கலமாம். "உடனே" நெருக்கடி தருகிறதாம். திருத்தி நீட்டியது இது:

"பெருமதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா அவர்களுக்கு வணக்கம். இவ்விடம் நலம். தங்கள் நலமறிய ஆவல். துறைப் பகுதியில் காற்று சற்றே தாராளமாக உள்ளது. இந்த எளியவளுக்காகத் தாங்கள் இவ்வளவு தூரம் சிரமப்பட வேண்டாமே என்பது என் தாழ்மையான எண்ணம். நேரம் வாய்க்கும்போது ஆமைக் கலம் குறித்தும் சிந்தித்தருளலாம்."

தொண்ணூற்று நான்கு மதிப்பெண். எத்தனை விதமாக மாற்றி எழுதினாலும் கடைசியில் இதற்கே வந்து நிற்கிறது. அனுப்பிவிட்டேன். அங்கே இருப்பவர்களும் பொறியாளர்கள். துறையில் காற்று ஏன் தாராளமாக இருக்க வேண்டும் என்று ஒருவருக்காவது உறைக்காதா?

ஜெ.

பணி நாள் 1095. பகல் 12.20

பதில் வந்தது. எழுதியவர் நிர்வாக அலுவலர் திருமதி திலகராணி. அப்படியே தருகிறேன்.

"அன்புச் சகோதரி, தங்கள் மேலான கடிதம் கண்டு இயக்குநர் ஐயா நெகிழ்ந்துபோனார். பொன்னாடை போர்த்த வருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லும் மனம் இந்தக் காலத்தில் யாருக்கு வரும்? தங்களைப் போன்றவரைக் காக்கவைப்பது முறையல்ல என்று, இரண்டு நாள் முன்னதாகவே வரும்படி கப்பலை விரைவுபடுத்தச் சொல்லிவிட்டார். நிலையத்தில் காற்று தாராளமாக இருப்பது தங்கள் நிர்வாகத் திறனுக்குச் சான்று. பாராட்டுகள்."

இரண்டு முறை படித்தேன். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டேன், கட்டுப் போட்ட கையால். வலித்தது.

நான் வேண்டாம் என்றதை அவர்கள் உபசாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நம் ஊரில் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றால் யார்தான் முதல் தடவையே போடுங்கள் என்கிறோம்? வேண்டாம் வேண்டாம் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவோம். போடாமல் போய்விட்டால் காலத்துக்கும் மனத்தாங்கல்.

ஜெ.

பணி நாள் 1098. மாலை 5.05

இதுவரை மூன்று கடிதம். மூன்றிலும் வேண்டாம். பண்பாளர் ஒவ்வொரு வேண்டாமையும் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அனுப்பிவைத்தது. இரண்டாவது வேண்டாமுக்கு நினைவுப் பரிசு சேர்ந்தது. மூன்றாவதற்கு அல்வா. இனி ஒரு முறை மறுத்தால் நாதஸ்வரம் வரும்.

வார்த்தையே இல்லாமல் எண்களை மட்டும் அனுப்பினேன். துறையின் ஆக்ஸிஜன் அளவு, அழுத்தம், விரிசலின் நீளம். பண்பாளர் மேலே வணக்கமும் கீழே "தங்கள் பார்வைக்காக மட்டும், அவசரமில்லை" என்ற வரியும் சேர்த்தது. தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பதில்: "அறிக்கை நேர்த்தியாக உள்ளது. இயக்குநர் ஐயா இப்போது தங்களிடம்தான் வந்துகொண்டிருக்கிறார் என்பதால் நேரிலேயே சமர்ப்பித்தால் மரியாதையாக இருக்கும்."

பண்பாளரை நிறுத்திவைக்க விண்ணப்பம் போட்டேன். அந்த விண்ணப்பமும் பண்பாளர் வழியாகத்தான் போகிறது. அது என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ, பண்பாளரைப் பாராட்டியதற்கு மென்பொருள் பிரிவிலிருந்து நன்றி வந்திருக்கிறது.

சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. பிறகு அது அழுகையாகிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைக் கடிதத்தில் எழுத முடியாது, இங்கே எழுதிக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது.

ஜெ.

பணி நாள் 1100. காலை 10.30

பவளத்தின் குரல் கேட்கிறது! யாரோ ஒலிவாங்கியை அணைக்க மறந்திருக்கிறார்கள், கப்பலுக்குள் பேசுவது சின்ன ஆன்டெனாவில் லேசாக விழுகிறது. காது இருக்கிறது, வாய் இல்லை. ஓட்டுநர் பெயர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம், பேச்சிலேயே தெரிகிறது. அவரும் இயக்குநரும் பேசியது:

"சார், அந்தப் பிள்ள மூணு மட்டம் வேண்டாம்னு எழுதியிருக்கே. என்னமோ சரியில்லன்னு தோணுது."

"என்ன சுடல, உலகம் தெரியாத ஆளா இருக்கீங்க. உங்க வீட்டுக்கு ஒருத்தர் வர்றார். காப்பி சாப்பிடறீங்களான்னு கேக்கறீங்க. வேண்டாம்ங்கறார். கொடுக்காம விட்டுடுவீங்களா?"

"அது எப்படி சார் விடுறது."

"அவ்வளவுதான். நல்ல குடும்பத்துப் பொண்ணு அப்படித்தான் சொல்லும். எடுத்தவுடனே வாங்கன்னு சொன்னாத்தான் நான் யோசிச்சிருப்பேன்."

"கூப்பிட்டா பதில் கொரலே வரலயே சார்."

"கூச்சம்."

ஆண்டவரே. கூச்சமாம். நான் கருவி முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்காது என்று தெரிந்தேதான் கத்தினேன். சுடலைமுத்து அண்ணாச்சி, உங்கள் மனதில் தோன்றியதுதான் சரி, திருப்புங்கள் என்று. அவர் ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் நான்கு நாளில் இங்கே இருப்பார்.

ஜெ.

பணி நாள் 1101. பிற்பகல் 3.15

திலகராணி அம்மாளிடமிருந்து நினைவூட்டல். விழாவை நடத்தும் நிலையம் என்ற முறையில் நிகழ்ச்சி நிரலை நான்தான் அனுப்ப வேண்டுமாம். "ஒரு மரபுக்காகத்தான்" என்று எழுதியிருக்கிறார்.

இதைப் பார்த்ததும் என் அக்கா கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. அழைப்பிதழில் பெரியப்பா பெயர் விட்டுப்போயிற்று. அச்சகத்தில் நடந்த தவறு. எங்கள் அப்பா அவர் வீட்டு வாசலில் போய் நின்று, வாருங்கள் வாருங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். பெரியப்பா கோயில் வாசல் வரைக்கும் வேனில் வந்தார். அங்கே வைத்திருந்த பேனரிலும் பெயர் இல்லை. இறங்கவே இல்லை. பதினைந்து பேரோடு வந்த வேன் அப்படியே திரும்பிப் போயிற்று. இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

வேண்டாம் என்று சொன்னால் நம் ஆட்கள் நிற்க மாட்டார்கள். கெஞ்சினால் நிற்க மாட்டார்கள். பெயரை விட்டால் நிற்பார்கள்.

நிரலை எழுதிவிட்டேன். "பொன்னாடை விழா. அனைவரும் வருக. தலைமை: ஓட்டுநர் திரு. சுடலைமுத்து அவர்கள். சிறப்புரை: நிர்வாக அலுவலர் திருமதி திலகராணி அவர்கள். வாழ்த்துரை: புகைப்படக் கலைஞர் திரு. ஞானவேல் அவர்கள். பொன்னாடை போர்த்துபவர்: திரு. சுடலைமுத்து அவர்கள். நன்றியுரை: ஜெசிந்தா பர்னாந்து."

அறவாழி என்ற பெயர் ஒரு மூலையில்கூட இல்லை.

பண்பாளர் வரி வரியாகப் பார்த்தது. தொண்ணூற்றெட்டு! கடுஞ்சொல் இல்லை, அமங்கலம் இல்லை, எல்லாப் பெயருக்கும் திருவும் அவர்களும் இருக்கின்றன. "மிகச் சிறந்த கடிதம்" என்று நட்சத்திரம் வேறு போட்டது. மூன்று ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த முதல் நட்சத்திரம்.

அனுப்பிவிட்டேன்.

ஜெ.

பணி நாள் 1102. காலை 11.00

கேட்டேன். முழுவதும் கேட்டேன். இயக்குநர்தான் தொடங்கினார்.

"சுடல. இது உங்க வேலையா?"

"சத்தியமா இல்ல சார். எனக்கு அந்தப் பிள்ள மொகங்கூடத் தெரியாது."

"தலைமை உங்க பேரு. பொன்னாட போத்தறது உங்க பேரு. நான் யாரு? கூட வந்த டிக்கெட்டா?"

"விட்டுப்போயிருக்கும் சார். கைதவறி..."

"மத்த மூணு பேரு பேரும் கைதவறல, என் பேரு மட்டும் கைதவறுதா? முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல ஒருத்தன் எனக்கு இப்படிப் பண்ணினதில்ல. திருப்புங்க."

"சார், அந்தப் பிள்ள தனியா கெடக்கு..."

"மதியாத வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன். திருப்புங்கன்னு சொல்றேன்ல!"

திருப்பிவிட்டார். குரல் மங்கிக்கொண்டே போகிறது. திரையில் அந்தப் புள்ளி வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு பேர் பிழைத்துவிட்டார்கள், அவர்களுக்கே தெரியாமல். மூன்று ஆண்டுகளில் நான் செய்த உருப்படியான வேலை இதுதான்.

இனி ஆமை வந்தால் நானும் பிழைத்துவிடுவேன்.

ஜெ.

பணி நாள் 1103. பகல் 1.45

விளக்கம் கேட்டு ஆணை வந்திருக்கிறது. "தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குத் தக்க விளக்கம் அளிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." அன்புடனாம். இயக்குநர் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதும்வரை என்னுடைய வேறு எந்தக் கடிதமும் தலைமையகத்தில் ஏற்கப்படாது. ஆமை பற்றிய கடிதமும் ஏற்கப்படாது. அனுப்பிப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டது.

பண்பாளர் மன்னிப்புக் கடிதம் ஒன்றைத் தானே எழுதி எடுத்துவைத்துக்கொண்டு நிற்கிறது. ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் மன்னிப்புப் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. இளகிவிடுவார். "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா" என்பார். பெரிய மனதோடு கப்பலை மறுபடி இங்கே திருப்பச் சொல்வார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1105 சாயங்காலம் வரைக்கும் பவளத்தில் இங்கே திரும்பி வருவதற்கான எரிபொருள் இருக்கும். அதன் பிறகு அது நேராக ஊர் போய்ச் சேரத்தான் முடியும். அதுவரை நான் மன்னிப்புக் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு கேட்கலாம். ஆமை கிளம்பினால் எட்டு நாள். என் காற்று 1114 வரை. நூலிழைதான், ஆனால் இருக்கிறது.

ஜெ.

பணி நாள் 1105. பிற்பகல் 2.00

தலை கனக்கிறது. தேய்ந்த வடிகட்டி மக்கர் செய்கிறது. அதே வடிகட்டிதான், போன மாதம் கேட்டேனே.

சற்று முன் பவளத்திலிருந்து குரல். மிக மெல்லியதாக. சுடலைமுத்து தனியாக, கிசுகிசுவென்று பேசினார்.

"ஏம்மா ஜெசிந்தா. ஒனக்குக் கேக்குதோ கேக்கலையோ. சார் ராத்திரி சாப்பிடக்கூட இல்ல. கோவம் பாதி வடிஞ்சிருச்சு. ஒரு வரி எழுதும்மா. மன்னிச்சுக்கோங்கன்னு ஒத்த வரி. சாயந்தரம் வரைக்கும் திரும்புறதுக்கு எண்ணெ இருக்கு. நானே ஒடனே திருப்பிக் கொண்டாந்திருதேன். ஒன்ன அங்கன விட்டுட்டுப் போறதுக்கு எனக்கு மனசு ஆகல. வீம்பு புடிக்காதம்மா."

வீம்பு இல்லை அண்ணாச்சி. வீம்பு இல்லை.

மூன்று ஆண்டுகளில் ஒரு மனிதர் என்னிடம் உபசாரம் இல்லாமல் பேசியது இதுதான். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கடிதம் திரையில் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. விரலைக் கொண்டுபோய் இரண்டு முறை எடுத்துவிட்டேன். அழுத்தினால் மனிதக் குரல் கிடைக்கும், துறைக்கு வெளியே மனித முகம் தெரியும், ஒரு நிமிடம், பூட்டு கவ்வும்வரை. எனக்கு அது வேண்டும். அசிங்கமாக இருக்கிறது எழுத, ஆனால் வேண்டும் போல இருக்கிறது. என் கையை என்னால் நம்ப முடியவில்லை. கடிதத் திரைக்குப் போகும் மின்கம்பியை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டேன். நாளைக் காலையில்தான் மாட்டுவேன்.

ஜெ.

பணி நாள் 1106. காலை 6.00

பவளம் எல்லை தாண்டிவிட்டது. இனி திரும்ப முடியாது. கம்பியை மாட்டினேன். மன்னிப்பை அனுப்பினேன். கூடவே ஆமையைக் கேட்டேன். கெஞ்சினேன். பண்பாளர் எப்படித் திருத்தியது என்று படிக்கவில்லை. படிக்கத் தெம்பில்லை.

ஜெ

பணி நாள் 1107

பதில். மன்னிப்பு ஏற்கப்பட்டதாம். இயக்குநர் ஐயா எல்லாவற்றையும் மறந்துவிட்டாராம். "நேரம் வாய்க்கும்போது ஆமை வந்தால் மகிழ்வேன் என்ற தங்கள் கனிவான விருப்பம் அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் பொருளாக வைக்கப்படும்."

முதல் பொருள். அடுத்த மாதம்.

மறுபடி எழுதினேன். மறுபடி. ஒவ்வொன்றுக்கும் நன்றி வருகிறது. நகல், நகலுக்கு வாழ்த்து, வாழ்த்துக்கு நன்றி. பெயரை விட்டால் ஒருவரைத் திருப்பி அனுப்பலாம். வரவழைக்க என்ன செய்வது? அதற்கு நம் ஊரில் ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே உயிர் போகிறது என்பதை எங்கள் ஆட்களிடம் மரியாதையாகச் சொல்ல முடியாது. மரியாதை இல்லாமல் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஜெ

பணி நாள் 1111. நேரம் பார்க்கவில்லை

ஆமை கிளம்பவே இல்லை. கிளம்பினாலும் இனி வந்து சேராது.

கை மெல்ல ஓடுகிறது. நாலு வரி எழுதினால் படுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கனவில் அக்கா கல்யாணம். பெரியப்பா வேனை விட்டு இறங்கி வருகிறார். நான் வாசலில் நின்று, வராதீர்கள் வராதீர்கள் என்று கத்துகிறேன். அவர் சிரித்துக்கொண்டே வருகிறார்.

ஒரு வேலை பாக்கி. நான் போன பிறகு கலங்கரை பேசத் தொடங்கும், கடைசிப் பதிவை மட்டும். துறை அப்போதும் அப்படியேதான் இருக்கும். தண்ணீருக்கு என்று வரும் கலம் எதுவானாலும் முதலில் துறைக்குத்தான் வரும். பிள்ளைகுட்டிக்காரர்கள் இருப்பார்கள். ஆகவே கடைசிப் பதிவில் வேறு புலம்பல் எதுவும் வேண்டாம். எச்சரிக்கை மட்டும். இரண்டே வரி. உபசாரம் இல்லாமல். அதில் பண்பாளர் கை வைக்க முடியாது, நாட்குறிப்பு என்னுடையது.

கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறேன். எழுந்து எழுதுகிறேன்.

ஜெ

பணி நாள் 1113

பக்கத்தில் வரும் கலங்களுக்கு. கவனமாகக் கேளுங்கள். நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை. சிப்பி நிலையத்தின் துறைக்கு நீங்கள்

[பண்பாளர் நிறைவு செய்தது: வருகை தருவது எங்கள் பாக்கியம். இவ்விடம் அனைவரும் நலம். காற்று தாராளமாக உள்ளது. வழியில் எந்தத் தயக்கமும் வேண்டாம். துறை வாசலில் தங்களுக்காக விளக்கு ஏற்றிவைத்திருக்கிறோம். தங்கள் வரவு நல்வரவாகுக. நன்றி. வணக்கம்.]